வேலையாளும் சம்பளமும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் பதினைந்து பேருக்குக் குறைவான ஊழியர்களை வைத்துத் தொழில் செய்பவர்களுடையவை. இலங்கைத் தொழிற்சட்டத்தில் 15 என்ற எண்ணிக்கை சில இடங்களில் மட்டுமே எல்லைக்கோடு. "நம்முடையது சின்னக் கடைதானே" என்று விட்டுவிடும் பல விடயங்கள் ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும் பொருந்தும். அதனால் முதல் கடிதத்துக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறோம்.

கேள்வி: துணிக்கடையில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். "ஈ.பி.எஃப். வேண்டாம், கழிக்காமல் முழுக்காசையும் கையில தாங்கோ அக்கா" என்று அவர்களே கேட்கிறார்கள். மத்தியானச் சாப்பாடும் நான்தான் கொடுக்கிறேன். வேண்டாம் என்று அவர்களிடம் எழுதி வாங்கினால் போதாதா? (மட்டக்களப்பு நகர்)

பதில்: போதாது. அப்படி எழுதி வாங்கும் கடிதத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. ஈ.பி.எஃப். என்பது ஊழியர் சேமலாப நிதி, ஊழியரின் பிற்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி, நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி என்ற வேறுபாடில்லாமல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பணம் கட்ட வேண்டும். தகுதிகாண் காலமான ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருப்பதும் தவறு.

முதலில் சம்பளத்தைப் பார்ப்போம். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் 1 முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி 1 முதல் 30,000 ரூபா. நாட்கூலி என்றால் 1,200 ரூபா. அடிப்படைச் சம்பளத்தை இதற்குக் கீழே எழுதிவிட்டு, மீதியைச் சோற்றில் ஈடு செய்கிறோம் என்பது கணக்கில் நிற்காது. சேமலாப நிதிச் சட்டத்தில் நீங்கள் கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் உழைப்பு வருமானமாகவே கொள்ளப்படுகிறது. மேலதிக நேரக் கொடுப்பனவை மட்டும் அதில் சேர்க்க வேண்டியதில்லை.

கணக்கு விளங்குவதற்காகச் சாப்பாட்டுப் பெறுமதியை ஒதுக்கிவிட்டு, 30,000 ரூபாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஊழியரிடம் 8 வீதம் கழிக்கிறீர்கள்: 2,400. அவர் கையில் பெறுவது 27,600. உங்கள் பங்கு 12 வீதம்: 3,600. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம்: 900. இந்த 3 வீதம் முழுக்க முழுக்க முதலாளியுடையது, ஊழியரின் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கக்கூடாது. ஆக, ஒருவருக்கு உங்கள் செலவு 34,500, சம்பளத்துக்கு மேல் 4,500. ஆறு பேருக்கு மாதம் 27,000 ரூபா. துணியின் விலையைக் குறிக்கும்போதே இந்தத் தொகையையும் கடை வாடகை, மின்கட்டணம் போன்ற மாதச் செலவோடு சேர்த்துவிடுங்கள். அப்படிச் சேர்க்காமல் விட்டு, ஆண்டு முடிவில் திரும்பிப் பார்த்தால் இது தாங்க முடியாத சுமையாகத் தெரியும்.

கட்டாமல் விட்டால் என்ன நடக்கும்? ஐந்து வருடம் வேலை செய்த ஒருவர் மனக்கசப்போடு விலகித் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், இரு பங்கும் சேர்ந்த 20 வீதம் முழுவதும் உங்களிடமே அறவிடப்படும். மாதம் 6,000 வீதம் 60 மாதத்துக்கு 360,000 ரூபா. ஊழியரின் 8 வீதத்தை அந்தந்த மாதச் சம்பளத்தில்தான் கழிக்கலாம், பிறகு அவரிடம் கேட்க முடியாது. இதற்கு மேல் தாமதக் கட்டணமும் வரும். அது 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டிய நிலுவைக்கு 50 வீதம் வரை ஏறும். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாளுக்குள் கட்டினால் தாமதக் கட்டணம் இல்லை.

கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்வதும் உங்கள் வேலைதான். வங்கிச் சீட்டோடு சேர்த்து, அவரவர் கணக்கில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வருடத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பணத்தை எடுக்கலாம். திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்களும் எடுக்கலாம். "என்ட காசில 2,400 போகுது" என்று நினைப்பவர், "எனக்கு மாதம் 6,000 சேருது" என்று கண்ணால் கண்ட பிறகு மறுப்பது குறைவு.

கேள்வி: எங்கள் ஹாட்வெயார் காலை 8.30க்குத் திறந்து இரவு 8 மணிக்குப் பூட்டும். வேலையாட்கள் முழு நேரமும் நிற்கிறார்கள். மேலதிக நேரம் எப்படிக் கணக்கிடுவது? (களுவாஞ்சிக்குடி)

பதில்: 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து 1.5ஆல் பெருக்குங்கள். 30,000 ரூபாச் சம்பளத்துக்கு ஒரு மணித்தியாலம் 125, மேலதிக நேரத்துக்கு 187.50. மேலதிக நேரமும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது.

உங்கள் கடை நேரம் பதினொன்றரை மணித்தியாலம். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலத்தைக் கழித்தாலும் ஆறு நாளில் 63 மணித்தியாலம் வருகிறது. மேலதிக நேரக் காசு கொடுத்தாலும் இது எல்லையை மீறும். ஆட்களை இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு பகுதி 8.30 முதல் 5.30 வரை, மறு பகுதி 11 முதல் 8 வரை. மேசனும் ஓடாவியும் சாமான் ஏற்ற வரும் காலை நேரத்துக்கு முதல் பகுதியில் ஒருவரைக் கூட்டிப் போடுங்கள். ஒருவருக்கு ஐந்து முழு நாளும் ஓர் அரை நாளும் கொடுத்தால் 40உடன் 5 சேர்ந்து சரியாக 45 வரும். சட்டம் சொல்லும் கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்துடனான ஓய்வும் அதிலேயே அடங்கிவிடும். கடையில் பெண் ஊழியர் இருந்தால் முதல் பகுதியில் போடுங்கள். மாலை 6 மணிக்குப் பிறகு பெண்களை வேலைக்கு வைத்திருப்பதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. அவர்கள் வீடு போகும் பஸ்ஸையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பாண் போடுபவர் 80,000 ரூபா முற்பணம் வாங்கிவிட்டு அடுத்த பேக்கரிக்குப் போய்விட்டார். இது மூன்றாவது ஆள். அவர் போன பிறகு பாணும் முன்னைப்போல் வரவில்லை, வாடிக்கையாளர் குறைகிறார்கள். (வாழைச்சேனை)

பதில்: உங்களுக்கு இரண்டு நட்டம். காசு போனது ஒன்று. தொழில் அவர் கையோடு போனது மற்றது. இரண்டாவதுதான் பெரியது, அதை முதலில் சரி செய்யுங்கள்.

போறணைக்குப் பக்கத்துச் சுவரில் அளவு அட்டை ஒன்று தொங்க வேண்டும். 50 கிலோ மா மூடை ஒன்றுக்குத் தண்ணீர் 28 முதல் 30 லீற்றர், உப்பு 900 கிராம் முதல் ஒரு கிலோ, சீனி ஒரு கிலோ, உலர் ஈஸ்ட் ஏறத்தாழ 500 கிராம், கொழுப்பு ஒரு கிலோ என்ற வட்டத்துக்குள்தான் சாதாரணப் பாண் நிற்கும். இதில் உங்கள் பேக்கரிக்குப் பொருந்தும் சரியான எண்ணை ஒரு கிழமை நிறுத்துப் பார்த்து எழுதுங்கள். "ஒரு கை உப்பு, ரெண்டு பேணி தண்ணி" என்பது அந்தக் கைக்கு மட்டுமே தெரிந்த அளவு. பிசையும் நேரம், பொங்கவிடும் நேரம், போறணைச் சூடு ஆகியவையும் அட்டையில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மா சீக்கிரம் புளித்துவிடும். அந்த மாதங்களில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவதா, ஈஸ்ட்டைக் குறைப்பதா என்பதையும் தனி வரியாக எழுதுங்கள். ஆள் மாறியதும் பாண் மாறுவதற்குப் பெரும்பாலும் இந்த வரி இல்லாததே காரணம்.

பாண் ஒன்றின் நிறை 450 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. சூட்டில் ஏறத்தாழ 12 வீதம் குறையும் என்பதால் வெட்டும்போது 510 கிராம் இருக்க வேண்டும். மேலே சொன்ன அளவில் ஒரு மூடையிலிருந்து 82 கிலோவளவு கலவை வரும், அதில் 158 முதல் 160 பாண் போடலாம். ஒவ்வொரு இரவும் எத்தனை மூடை உடைத்தோம், எத்தனை பாண் இறங்கியது என்று கொப்பியில் எழுதினால், வெட்டும் நிறை கூடியதா, கருகியதா, கணக்கில் வராமல் போனதா என்பது அடுத்த நாள் காலையிலேயே தெரியும். ஆளைச் சந்தேகிக்கத் தேவையில்லை, எண்ணைக் கேட்டால் போதும்.

இரண்டாவது ஆள் ஒருவர் கிழமைக்கு ஒரு இரவாவது முழு வேலையையும் தனியாகச் செய்ய வேண்டும், பழையவர் பக்கத்தில் நிற்க மட்டும் வேண்டும். அந்த இரவுக்குப் பழையவருக்குக் கற்பித்தல் படி என்று ஒரு தொகையைச் சம்பளச் சிட்டையில் காட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் தன் இடத்துக்கு ஆள் பழக்குகிறார்கள் என்று நினைத்து மறைத்துக்கொள்வார். அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு.

இனி முற்பணம். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் முற்பணம் கொடுக்காதீர்கள். திருமணம், வைத்தியம் என்று பெருந்தொகை தேவைப்பட்டால் அதைச் சம்பள முற்பணமாக எழுதாமல் தனிக் கடனாக எழுதுங்கள்: தொகை, மாதத் தவணை, எந்த மாதம் முடியும், சம்பளத்தில் கழிக்க அவர் தரும் எழுத்துச் சம்மதம், இரு சாட்சி. தவணை கையில் எடுக்கும் சம்பளத்தின் ஐந்திலொரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். தாண்டினால் மாத நடுவில் மீண்டும் உங்களிடமே கை நீட்டுவார், கொப்பியில் கடன் குறையவே குறையாது. கடன் அடைபடாத அளவுக்கு ஏறிய நிலையில்தான் பலர் ஓடுகிறார்கள். அடுத்த பேக்கரிக்காரர் கூடுதல் சம்பளம் கொடுத்து இழுத்தார் என்று நாம் நினைக்கிறோம். அவர் கொடுத்தது பெரும்பாலும் கடனில்லாத புதுக் கொப்பி.

கடனுக்கு ஈடாக அடையாள அட்டையை வாங்கி வைப்பது கூடவே கூடாது.

கேள்வி: கல்லாவில் கிழமைக்கு மூவாயிரம், நாலாயிரம் குறைகிறது. கேஷியராக இருக்கும் பொடியன் எங்கள் ஊர்க்காரன், சொந்தமும்கூட. பங்குனி முடிவில் சம்பளத்தில் கழித்தேன். இப்போது குடும்பத்துக்குள் பிரச்சினை. நிப்பாட்டிவிடலாமா? (கல்முனை)

பதில்: களவு என்று முடிவெடுக்க உங்களிடம் இன்னும் ஆதாரம் எதுவும் இல்லை. குறைவு மட்டுமே இருக்கிறது. ஒரே லாச்சியில் எத்தனை பேர் கை வைக்கிறார்கள்? வீட்டுச் செலவுக்கு நீங்களே எடுப்பதுண்டா? சப்ளையருக்குக் கல்லாவிலிருந்து கொடுத்த காசுக்குத் துண்டு இருக்கிறதா? இந்த மூன்றையும் அடைக்காமல் யாரையும் பிடிக்க முடியாது.

நாளை முதல் இப்படிச் செய்யுங்கள். காலையில் சில்லறையாக 5,000 ரூபாவை இருவர் எண்ணி, கொப்பியில் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே லாச்சி. வெளியே போகும் எந்தக் காசுக்கும், நீங்கள் எடுக்கும் நூறு ரூபாவுக்கும், வவுச்சர் எழுத வேண்டும். இரத்துச் செய்த பில்லைக் கிழித்தெறியாமல் குத்தி வைக்க வேண்டும். மத்தியானம் ஆள் மாறும்போதும் எண்ணுங்கள். குறைவு காலையிலா மாலையிலா என்பது இரண்டு கிழமையில் தெரிந்துவிடும். பல கடைகளில் இந்த இரண்டு கிழமைக்குள்ளேயே குறைவு நின்றுவிடும், காரணம் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் எடுத்த காசாக இருக்கும்.

நீங்கள் கழித்த தொகையைத் திருப்பிக் கொடுங்கள். விசாரணையும் சம்மதமும் இல்லாமல் சம்பளத்தில் கை வைத்தால் முறைப்பாடு அவர் பக்கம் நியாயமாகிவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஆதாரம் கிடைத்தால் ஒழுங்கு இதுதான். எந்தத் திகதி, எந்த நேரம், எவ்வளவு, எந்த பில் என்று குறிப்பிட்டு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுங்கள். பதில் தர ஏழு நாள் விடுங்கள். அதுவரை பணியிடை நிறுத்தலாம், அதையும் எழுத்தில் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால், நீங்கள் அல்லாத ஒருவர், கணக்காளரோ வேறு வியாபாரியோ, இரு பக்கத்தையும் கேட்டு எழுத வேண்டும். அதன் பிறகே முடிவுக் கடிதம். ஒழுக்காற்றுக் காரணமற்ற பணிநீக்கத்துக்கு முன்கூட்டியே அனுமதி பெறச் சொல்லும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்குப் பொருந்தாது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மை. ஆனால் ஒரே ஊழியர் இருக்கும் கடையிலிருந்தும், பணிநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாம், விலக்கிய நாளிலிருந்து ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. அங்கே முதலில் கேட்கப்படுவது கடிதங்கள்தான்.

சொந்தக்காரர் என்பதால் ஒன்று கூடுதலாகச் செய்யலாம். குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் கொப்பியைக் காட்டுங்கள். பையனைப் பற்றி எந்தச் சொல்லும் சொல்லாமல் எண்களை மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: தறிக்கூடத்தில் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. நல்ல நெசவாளர்கள் நிற்கிறார்கள் இல்லை. துண்டுக் கூலிக்காரருக்கும் சேமலாப நிதி உண்டா? (மருதமுனை)

பதில்: உண்டு. துண்டுக் கூலியும் உழைப்பு வருமானம்தான்.

அவர்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கான விடை பெரும்பாலும் நெய்யாத நாட்களில் இருக்கிறது. பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) முடிந்து புதுப் பாவு இணைக்கும் நாள், நூல் வராத நாள், அச்சில் இழை அறுந்து எடுக்கும் மணித்தியாலங்கள், வடிவம் மாற்றும் நேரம் எதற்கும் சேலைக் கூலியில் காசு இல்லை. ஒரு மாதம் தறி ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். நின்ற நேரம் எட்டில் ஒரு பங்கு என்றாலும் மாதத்தில் மூன்று நாள் உழைப்பு போகிறது. பாவு இணைப்புக்குத் தனிக் கூலி வையுங்கள். நூல் வராத நாளுக்கு நாட்கூலி கொடுங்கள், நூலைக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. எப்படிக் கணக்கிட்டாலும் முழு நாள் உழைத்தவருக்கு 1,200 ரூபாவுக்குக் குறையக்கூடாது.

பழுதுக்குக் காசு வெட்டுவதற்கு முன் பழுதைப் பிரித்துப் பாருங்கள். ஊடை (குறுக்கு இழை) இடைவெளி நெசவாளர் கைப் பிழை. சாயம் திட்டுத்திட்டாக இருந்தால் அது நூல் கொடுத்தவரின் பிழை, அதற்கு நெசவாளரிடம் வெட்டினால் அடுத்த கிழமை தறி காலியாகத்தான் இருக்கும்.

கேள்வி: கடையில் தமிழரும் முஸ்லிம்களும் வேலை செய்கிறார்கள். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் லீவு கொடுப்பதில் ஒவ்வொரு வருடமும் முகச்சுளிப்பு. (அக்கரைப்பற்று)

பதில்: கடை ஊழியருக்கான சட்டபூர்வ விடுமுறை எட்டு: தைப்பொங்கல், சுதந்திர தினம், மீலாதுன் நபி, புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் மறுநாள், நத்தார். அன்று வேலை வாங்கினால் இன்னொரு நாள் சம்பளமோ மாற்று விடுமுறையோ கொடுக்க வேண்டும். போயா (பௌர்ணமி) நாளில் வேலை என்றால் ஒன்றரை மடங்கு. கவனியுங்கள், இந்த எட்டில் தீபாவளி இல்லை, நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் இல்லை. அதனால்தான் இவை முதலாளியின் தயவாகி, தயவு என்பதால் முகச்சுளிப்பாகின்றன.

டிசெம்பரிலேயே அடுத்த வருட நாட்காட்டியை எல்லோரையும் இருத்திப் போடுங்கள். தீபாவளிக்கு ஒரு நாள், இரண்டு பெருநாளுக்கும் ஒவ்வொரு நாள் என்று கடை விடுமுறையாகவே அறிவித்து எல்லோருக்கும் சம்பளத்தோடு கொடுங்கள். வைகாசிக் குளிர்த்தி, ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தம், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் போன்றவற்றுக்கு அவரவர் வருடாந்த 14 நாளிலோ அமய லீவு 7 நாளிலோ எடுக்கட்டும். ஆனால் அன்று யார் நிற்பது என்பதும் அதே தாளில் எழுதப்பட வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்குத் தமிழ் ஊழியர் கவுண்டரில் நிற்கிறார் என்றால், அதற்குப் பதிலாக அவருக்கு எந்த நேரம் என்பதை அவரிடமே கேட்டு எழுதுங்கள். நோன்பு மாதத்தில் மாலைப் பகுதியை மற்றவர்கள் எடுக்கிறார்கள் என்றால், சித்திரைப் புத்தாண்டு நெருக்கத்தில் அது திரும்பக் கிடைக்க வேண்டும். தாளில் இருந்தால் யாரும் யாரிடமும் கடமைப்பட மாட்டார்கள்.

கேள்வி: அறுகம்பையில் பத்து அறை விடுதி. சித்திரையிலிருந்து ஐப்பசி வரைதான் ஆட்கள் வேண்டும். எப்படி எடுப்பது? (பொத்துவில்)

பதில்: தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் எழுதிய நியமனக் கடிதம். வேலை, சம்பளம், ஓய்வு நாள், தங்குமிடம், சாப்பாடு, வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் எப்படிப் பிரிக்கப்படும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் அந்த ஏழு மாதத்துக்கும் உண்டு. டிப்ஸ் பெட்டியை வாரம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் திறந்து, அறை துப்புரவு செய்பவருக்கும் சமையலறைக்கும் சேர்த்துப் பிரியுங்கள். பரிமாறுபவர் மட்டும் எடுக்கும் விடுதியில் சமையல்காரர் ஆடி மாதத்திலேயே போய்விடுவார். நல்லவர்களை அடுத்த வருடத்துக்குப் பிடித்து வைக்க, கடைசி நாளில் ஒரு தொகையும் அடுத்த மாசியில் இன்னொரு தொகையும் என்று பிரித்துக் கொடுப்பது பலன் தரும். இரண்டையும் கடிதத்தில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

கேள்வி: பதினைந்து வயதுப் பையன், தகப்பன் இல்லை. மோட்டார் சைக்கிள் கராஜில் சேர்க்கச் சொல்லித் தாய் கெஞ்சுகிறார். (ஏறாவூர்)

பதில்: சேர்க்காதீர்கள். குறைந்தபட்ச வயது 16. ஆபத்தான வேலைகளுக்கு 18. உதவ மனமிருந்தால் பள்ளிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். பதினாறு முடிந்ததும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர வழிகாட்டுங்கள், சான்றிதழோடு உங்கள் கராஜுக்கே வருவான்.

கேள்வி: அரிசி ஆலையில் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் பெல்ட்டில் ஒருவர் கை சிக்கிவிட்டது. வைத்தியச் செலவைக் கொடுத்துவிட்டேன். இனியும் ஏதும் உண்டா? (சம்மாந்துறை)

பதில்: உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையின்போது நேர்ந்த காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நேர்வதும் அடங்கும். வைத்திய அறிக்கை, சம்பவ நேரம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை இப்போதே எழுதி வையுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு தொகையோடு முடித்துவிடப் பார்க்காதீர்கள், வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளர் வழியாகவே போங்கள். அடுத்த போகத்துக்கு முன் தொழிலாளர் காப்புறுதி ஒன்றையும் எடுத்துவிடுங்கள்.

ஆலையில் கை சிக்குவது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான்: எலிவேட்டர் அடைக்கும், நெல் லொறி வெளியே காத்து நிற்கும், இயந்திரத்தை நிறுத்தாமல் கையால் தள்ளுவார்கள். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் கம்பி வலைக் கூடு அடியுங்கள். கீழ்ப் பெட்டியின் துப்புரவுக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, அதன் திறப்பைப் பிரதான சுவிட்ச் பெட்டியின் திறப்போடு ஒரே வளையத்தில் கோர்த்து வையுங்கள். சுவிட்சை நிறுத்திப் பூட்டி, திறப்பை எடுத்தால்தான் கதவு திறக்கும். கழுத்துத் துவாய், தொங்கும் சாரம், நீளக் கைச்சட்டையோடு பெல்ட் பக்கம் யாரும் போகக்கூடாது. அறுவடை நெருக்கத்தில் இரவு வேலை செய்பவருக்கு அடுத்த நாள் காலை வேலை கொடுக்காதீர்கள்.